பேஸ்மென்டில் பிள்ளைகளைப் படுக்க வைக்கும் முன்

அமெரிக்காவில் இருப்பவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். ஊரில் இருப்பவர்கள் அங்குள்ள பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள்.

போன குளிர்காலம் பென்சில்வேனியாவில் மகள் வீட்டில் இருந்தேன். எனக்குப் படுக்கை பேஸ்மென்டில். பேரனின் விளையாட்டும் சனிக்கிழமை பாட்டு வகுப்பும் அங்கேதான். அந்த வீட்டை வாங்கும்போது வாசல் எந்தத் திசை, பக்கத்துப் பள்ளிக்கூடம் எப்படி என்றெல்லாம் அலசினார்கள். ரேடான் சோதனை மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்று மூன்று வருஷம் கிடந்தது. நூலகத்தில் ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு நான்தான் நச்சரித்தேன். வந்த அளவு 9.2. லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோக்யூரி இருந்தாலே வீட்டைச் சரிசெய்யுங்கள் என்கிறது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் சிதைவதால் வரும் கதிரியக்க வாயு ரேடான். நிறமில்லை, மணமில்லை. தரை விரிசலிலும் குழாய் நுழையும் சந்திலும் ஏறி வரும். குளிருக்காக அடைத்துவைத்த வீட்டில் சூடான காற்று மேலே போக, கீழே மண்ணிலிருந்து காற்றை வீடே இழுத்துக்கொள்ளும். அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகளுக்கு இதுவே காரணம் என்பது அதே முகமையின் மதிப்பீடு. புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் மிக அதிகம்.

"பக்கத்து வீட்டில் கம்மியாத்தானே இருந்தது மாமா" என்றார் மருமகன். பக்கத்துப் பையன் எழுதிய பரீட்சைக்கு இவருக்கு மார்க் போட முடியுமா? அதே பென்சில்வேனியாவில், 1984இல், லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் நுழையும்போதெல்லாம் கதிரியக்க அலாரம் அடித்தது. உலை அப்போது ஓடவே தொடங்கவில்லை. கதிரியக்கத்தை அவர் வீட்டிலிருந்துதான் சுமந்து வந்திருக்கிறார். அங்கே அளவு ஏறக்குறைய 2,700!

சோதனை ஒன்றும் கஷ்டமில்லை. கரித்தூள் அடைத்த சிறு டப்பாவைப் புழங்கும் அறைகளில் ஆகக் கீழே உள்ளதில் சில நாள் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வைப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும். அளவு குறைவாக வரட்டும் என்று திறந்துவைப்பவர்களும் உண்டாம். பிட் அடித்துப் பாஸாகி என்ன பயன்?

மகள் வீட்டில் தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, விசிறி வைத்து, அடிமண் காற்றைக் கூரைக்கு மேலே வெளியேற்றினார்கள். ஆயிரம் டாலருக்கு மேல் செலவு. சோபா மாற்ற வைத்திருந்த பணம். மறுசோதனையில் 1.3. அந்தக் குழாயில், எட்டாம் வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்த அதே யூ வடிவக் குழாய் தொங்குகிறது. இரு பக்கமும் திரவம் சமமாக நின்றால் விசிறி இழுக்கவில்லை என்று அர்த்தம். பேரன்தான் தினமும் பார்த்துச் சொல்கிறான்.

"வாடகை வீடுதானே சார்" என்று ஒரு மாணவர் கேட்டார். தம்பி, மூச்சு உன்னுடையதுதானே? முதலில் அளந்து பார்; அதிகமாக இருந்தால் அந்தத் தாளோடு வீட்டுக்காரரிடம் பேசு.

அங்கே இப்போது ஜன்னலை அடைக்கும் காலம். டப்பாவை வாங்கி வையுங்கள். வந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். அதிகமாக இருந்தாலும் திட்ட மாட்டேன்.