இடைவேளை இருக்கு, இடம் எங்கே?

கைக்குழந்தையை வீட்டில் விட்டுட்டு வேலைக்கு வர்ற தாய்க்கு மூணு மணி நேரத்துல மார்பு கனத்துப்போகும். வெதுவெதுப்பா ஒத்தடம் கொடுத்து, மெல்ல நீவிவிட்டு, கையாலோ பம்பாலோ பாலை எடுக்கணும். எடுக்காம விட்டா பால் கட்டும், வலிக்கும், காய்ச்சல் வரைக்கும் போகும்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் 2 பாலூட்டும் இடைவேளை தரணும் என்கிறது சட்டம். ஆனால் நம்ம சகோதரிகள் கழிப்பறையில் நின்னு பீய்ச்சி, அங்கேயே கொட்டிட்டு வர்றாங்க. (அங்கே உட்கார்ந்து நீங்க சாப்பிடுவீங்களா?)

கேட்பது என்ன பெருசா? தாழ்ப்பாள் உள்ள அறை, நாற்காலி, பிளக், ஒரு சின்ன ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜில் வைத்த தாய்ப்பால் 4 நாள் தாங்கும். நம்ம வெயிலுக்கு வெளியே 4 மணி நேரம்கூட நம்ப முடியாது.

தொழிற்சங்கத் தோழர்களே, அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்க.