பத்துப் பேருக்குக் குறைந்தால் பாதுகாப்பு இல்லையா?

தில்லி கிட்வாய் நகர், மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. ரிங் ரோட்டைக் கடந்தால் எய்ம்ஸ். அங்கே 2020 ஜூன் மாதம் செவிலியர் சங்கம் போராட்டத்தில் இறங்கியது. உண்ணவும் நீர் அருந்தவும் கழிப்பறைக்குச் செல்லவும் வழியின்றிக் கவச உடைக்குள் தொடர்ந்து ஆறு மணிநேரம் பணிபுரிய இயலாது; அதை நான்கு மணிநேரமாகக் குறைக்க வேண்டும் என்பது அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. சங்கம் இருந்தமையால் அக்குரல் நாட்டின் செவியை எட்டியது. ஆனால் கிட்வாய் நகரைப் போன்ற குடியிருப்புகளையும் அவற்றின் சந்தைகளையும் ஒட்டி, ஒன்றிரண்டு நாற்காலிகளுடன் நடக்கும் சிறு பல் மருத்துவமனைகளில் வேலை செய்வோருக்காகக் குரல் எழுப்புவோர் யார்?

டென்டல் ஹைஜீனிஸ்ட் எனப்படும் பல் சுகாதாரப் பணியாளரை 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டமே தனித் தொழிலாளராக வரையறுத்தது. பற்காரையை அகற்றுவது, பற்களைத் தூய்மை செய்து மெருகேற்றுவது, வாய்ச் சுகாதாரம் கற்பிப்பது ஆகியன இவர்களது பணி. நோயாளி முகக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான் இவர்களின் வேலை தொடங்குகிறது. மீயொலி ஸ்கேலர் தெளிக்கும் நீருடன் எச்சிலும் குருதியும் கலந்து நுண்துளிகளாகக் காற்றில் பரவுகின்றன. ஓரடி இடைவெளியில் முகம் வைத்து வேலை செய்பவரிடம் ஆறடி விலகி நிற்குமாறு சொல்வதில் பொருளில்லை.

இதை அரசு அறியாமல் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மே 19 அன்று பல் மருத்துவத் துறையினருக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சமூகப் பரவல் உள்ள இடங்களில் அவசரமற்ற பல் சிகிச்சையைத் தள்ளிவைக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் ஆகஸ்டில் அறிவுறுத்தியது. செய்ய வேண்டியவையும் தெரிந்தவையே. என்95 முகக்கவசம், முகத்தடுப்பு, ஆற்றல்மிக்க உறிஞ்சுகருவி, இயன்றவரை கைக்கருவியால் பற்காரை நீக்கல், ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே அறையில் காற்றோட்டம் என்பன அவை. இவற்றுக்கான செலவை ஏற்பது யார், இவை நடைமுறையில் உள்ளனவா என்று பார்ப்பது யார் என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு மோடி அரசு அளித்த விடைதான் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு. எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த 2020 செப்டம்பர் 23 அன்று, மாநிலங்களவையில் உரிய விவாதமின்றி இது நிறைவேற்றப்பட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே இத்தொகுப்பு பொருந்தும். ஒரு மருத்துவர், ஒரு சுகாதாரப் பணியாளர், ஓர் உதவியாளர், ஒரு துப்புரவாளர் என இயங்கும் பல் மருத்துவமனை இந்த வரம்பை எட்டுவதே இல்லை. ஈஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டுக்கும் அதே பத்துப் பேர் வரம்புதான்.

இன்னொரு சட்டத்தை இதனருகே வைத்துப் பார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் ஒற்றை நாற்காலி மருத்துவமனையையும் விடுவதில்லை. குருதி தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையிலும், கையுறை சிவப்புப் பையிலும் சேர வேண்டும். பணியாளருக்கு ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியும் ஆண்டுதோறும் உடற்பரிசோதனையும் அளிக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. ஆனால் அவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பு மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் உள்ளது. தொழிலாளர் துறையிடம் இல்லை. கழிவைக் கையாள ஒருவர் இருந்தாலே போதும், விதி பிறந்துவிடுகிறது. அந்தக் கையுறையை அணிந்த கையின் உயிருக்கோ பத்துப் பேர் சேர வேண்டியிருக்கிறது!

நோய் வந்த பின்னரும் இதே நிலைதான். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மருத்துவப் பணியில் தொற்றும் நோய்களைத் தொழில்சார் நோய்களின் அட்டவணையில் சேர்த்திருந்தது. ஆயினும் 2020 மார்ச் மாதம் அறிவிக்கப்பட்ட 50 லட்சம் ரூபாய் காப்பீடு, பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்கும் கொரோனா பணிக்கென அரசு அழைத்துக்கொண்ட தனியார் ஊழியர்களுக்கும் மட்டுமே என வரையறுக்கப்பட்டது. உயிரிழந்த சுகாதார ஊழியர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, சுகாதாரம் மாநிலப் பொருள், விவரம் மத்திய அரசிடம் இல்லை என்றார் அமைச்சர். மறுநாளே இந்திய மருத்துவச் சங்கம் 382 மருத்துவர்கள் மாண்டதாகப் பட்டியலிட்டது. மருத்துவர்களின் மரணத்தையே எண்ணாத அரசு, பல் சுகாதாரப் பணியாளரை எண்ணுமா?

சிறு மருத்துவமனை நடத்தும் பல் மருத்துவர் இங்கே எதிரி அல்லர். ஊரடங்கில் வருவாய் இழந்து, வாடகையும் கடனும் அழுத்த, கவச உடையின் விலையையும் சுமந்தவர் அவர். சுமையை அவர் தலையிலும் ஆபத்தைத் தொழிலாளியின் நுரையீரலிலும் இறக்கிவைத்துவிட்டு, அரசு ஒதுங்கி நிற்பதையே நாம் எதிர்க்கிறோம்.

தீர்வுக்கான வழி இச்சட்டத்தொகுப்பிலேயே இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான பணி நடைபெறும் நிறுவனம் என்று மத்திய அரசு அறிவிக்கை செய்தால், பத்துப் பேர் வரம்பு அங்கே பொருந்தாது. பல் மருத்துவமனைகள் உள்ளிட்ட அனைத்துச் சிகிச்சையிடங்களையும் அவ்வாறு உடனே அறிவிக்க வேண்டும். கவசப் பொருட்களை அரசே கொள்முதல் செய்து சிறு மருத்துவமனைகளுக்கு வழங்க வேண்டும். தனிமைப்படுத்தப்படும் நாட்களுக்கு முழு ஊதியம் உறுதி செய்யப்பட வேண்டும். தனியார் ஊழியர்களுக்கும் 50 லட்சம் ரூபாய் காப்பீடு நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவை தாமாகக் கிடைக்கப் போவதில்லை. தொழிலாளர் சட்டத்தொகுப்புகளை எதிர்த்து மத்தியத் தொழிற்சங்கங்கள் 2020 நவம்பர் 26 அன்று பொது வேலைநிறுத்தத்துக்கு அறைகூவல் விடுத்தன. ஆலைத் தொழிலாளியுடன் ஒற்றை நாற்காலி மருத்துவமனையின் தொழிலாளியும் கைகோக்க வேண்டிய நாள் அது. தனித்தனியே நால்வராக இருப்பவர்களைச் சட்டம் எண்ண மறுக்கலாம். அமைப்பாகத் திரண்டவர்களை எந்த அரசாலும் எண்ணாதிருக்க முடியாது.