வானில் ஒரு படுக்கை: பாதி மருத்துவம் தரையிலேயே

உடன்குடி வட்டாரத்தில் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் பணிபுரியும் உறவினர் பல வீடுகளில் உண்டு. அவர்களுள் ஒருவர் நோயுற்றுப் படுத்தால், "எப்படியாவது விமானத்தில் கொண்டுவந்துவிடுங்கள்" என்பதே குடும்பத்தாரின் முதற்குரல். அந்தத் தவிப்பை நாங்கள் அறிவோம். ஆயினும், விமானத்தின் வேகத்தைவிட உடன்வரும் செவிலியரின் முன்னேற்பாடே உயிர் காக்கிறது என்பது எங்கள் கருத்து.

கொடைக்கானலுக்குக் கொண்டுசெல்லும் சிப்ஸ் பொட்டலம் மலையேறும்போது உப்புவதைக் கண்டிருப்பீர்கள். பறக்கும் விமானத்தின் உள்ளேயும் காற்றழுத்தம் பெரும்பாலும் அம்மலையில் உள்ள அளவுக்குக் குறைகிறது. அப்போது உடலுக்குள் அடைபட்ட காற்றும் விரியும். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருப்பவருக்கு அது உயிராபத்து. ஆகவே, புறப்படுமுன்பே மார்பில் குழாய் பொருத்தி அக்காற்றை வெளியேற்றுவர். ஆக்சிஜனைப் பயண நேரத்துக்கு மட்டுமன்றி, தாமதத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்டு எடுத்துச் செல்வர்.

இயந்திர இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் பெரிதும் உதவாது. கருவியின் திரையையும், நோயாளியின் உதட்டு நிறத்தையும், மார்பு ஏறி இறங்குவதையும் செவிலியர் இமைகொட்டாது கவனிப்பார். மூச்சுத் திணறினால் ஆக்சிஜனைக் கூட்டுவார். குழாய் நழுவியதா, அடைத்ததா என ஆராய்வார். உடன் மருத்துவர் இருப்பின் அவரோடு கலந்து, தாழப் பறக்கவோ அருகிலுள்ள நிலையத்தில் இறங்கவோ விமானியைக் கேட்பார். இது தனிப்பயிற்சி வேண்டும் பணி. அமெரிக்க இராணுவம் இதற்கெனப் பயிற்றுவித்த முதல் செவிலியர் அணி 1943 பிப்ரவரியில் தேர்ச்சி பெற்றது.

இதில் குடும்பத்தாருக்கும் பங்குண்டு. விமானத்தில் ஏற்ற மறுத்துவிடுவார்களோ என அஞ்சி, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சையையோ வலிப்பையோ மறைப்பது பெருந்தவறு. மறைத்த செய்தி நடுவானில் வெளிப்பட்டால், அங்கே அறுவை அரங்கும் இல்லை, இரத்த வங்கியும் இல்லை. மருந்துச் சீட்டு, ஸ்கேன் படங்கள், ஒவ்வாமை விவரம் அனைத்தையும் தயங்காது கொடுங்கள்.

பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உடன்வருபவர் யார், அவருக்கு வானூர்திப் பயிற்சி உண்டா? ஆக்சிஜன் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது? இறங்கும் இடத்தில் ஆம்புலன்சும் மருத்துவமனைப் படுக்கையும் உறுதியா? விமானம் வாகைக்குளத்தில் இறங்கினாலும், மதுரையில் இறங்கினாலும், எஞ்சிய வழி சாலைவழியே என்பதை மறவாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மூரில் ஒருவருக்கு நெஞ்சுவலியோ பக்கவாதமோ வந்தால், பெருநகருக்குப் பறப்பதைப் பற்றி எண்ணி நேரத்தைக் கழிக்காதீர்கள். உடனே 108-ஐ அழைத்து, உரிய சிகிச்சை உள்ள அருகிலுள்ள மருத்துவமனையை அடையுங்கள். நோயாளியின் நிலை சீரான பின்னரே பயணத்தைப் பற்றி முடிவு செய்யலாம். அவசரத்தில் ஏற்றுவதைவிட, ஆயத்தத்தோடு ஏற்றுவதே அன்பு.