பெயரிடும் உரிமை எவர்க்கு உரியது?

கண்டி மாநகரிலிருந்து கலஹா வழியே மலையேறித் தெல்தோட்டைக் கடைவீதியை அடையும் ஒருவர், அங்கே தமிழ் பல வாய்களில் ஒலிப்பதைக் கேட்பார். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் தோட்டத் தொழிலாளி பேசுவது தமிழ். கடையில் கணக்கெழுதும் முஸ்லிம் வணிகர் பேசுவதும் தமிழ். அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் பிறந்து தமிழ்க்கவி பாடிய மண் அன்றோ அது! யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் பேசுவதும் தமிழே. ஆயினும், அரசாங்கப் படிவம் ஒன்றை இம்மூவர் முன்னும் வைத்து, 'இனம்' என்னும் இடத்தை நிரப்பச் சொன்னால், நெடுங்காலமாக முதல்வர் 'இந்தியத் தமிழர்'. இரண்டாமவர் 'இலங்கைச் சோனகர்'. மூன்றாமவர் 'இலங்கைத் தமிழர்'.

முதல்வரின் பாட்டனும் பூட்டனும் இம்மலையிலேயே பிறந்து, இம்மலைக்கே எருவானவர்கள். இந்திய மண்ணை அவர் மிதித்ததில்லை. இருந்தும் அவர் பெயருக்கு முன்னால் 'இந்திய' என்னும் சொல் நின்றது. அச்சொல்லை அவருக்கு இட்டவர் யார்? அவரைக் கேட்டா இட்டனர்? இக்கேள்வியையே இவ்வாரம் நம் வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

பெயர் எதுவாயிருந்தால் என்ன, வயிறு நிறைந்தால் போதாதா என்பார் உளர். பெயரால் வாக்குரிமை போனதையும், பெயரால் கப்பலேற்றப்பட்டதையும் கண்டவர்கள் அவ்வாறு சொல்லார். கடல் கடந்து கொண்டு செல்லப்பட்ட மக்கள் யாவர்க்கும் இவ்வழக்கு உண்டு. நம் வழக்கை ஆராயுமுன் அவர்களுடையதைச் சிறிது நோக்குதல் நன்று.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆபிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்கள் 1865ஆம் ஆண்டில் சட்டத்தால் விடுதலை பெற்றனர். பெயரால் விடுதலை பெற அவர்களுக்கு மேலும் நூறாண்டு வேண்டியிருந்தது. ஆண்டைகள் இட்ட இழிபெயர்களை ஒதுக்கி, 'நீக்ரோ' என்னும் சொல்லையேனும் பெரிய எழுத்தில் தொடங்கி அச்சிடுங்கள் என்று டு பாய்ஸ் போன்ற அறிஞர்கள் வாதாடினர். நியூ யோர்க் டைம்ஸ் அவ்வாறு அச்சிடத் தொடங்கியது 1930ஆம் ஆண்டில்தான். 1960களில் எழுந்த இளைஞர் தலைமுறை அச்சொல்லையும் உதறி, 'கறுப்பர்' என்று தலைநிமிர்ந்து கூறியது. 1988ஆம் ஆண்டில் ஜெசி ஜாக்சன் முதலானோர் 'ஆபிரிக்க அமெரிக்கர்' என்னும் பெயரை முன்வைத்தனர். ஏனையோர்க்கு ஊரும் நாடும் பெயரில் இருக்க, எமக்கு மட்டும் தோலின் நிறந்தானா பெயர் என்பது அவர்கள் கேள்வி.

அதன்பின் புதியதொரு சிக்கல் எழுந்தது. நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் எதியோப்பியாவிலிருந்தும் கல்வியும் தொழிலும் தேடி விமானத்தில் வந்திறங்கியவர்கள் பெருகினர். இன்று அந்நாட்டுக் கறுப்பின மக்களுள் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். வந்தவர் தம்மை நைஜீரியர் என்பார், இக்போ என்பார். அங்குள்ள காவலரோ அவரைத் தோலால் மட்டும் அறிவார். அடிமை வழித்தோன்றலோ, 'எம் முன்னோர் விலங்கிடப்பட்டு வந்தனர். இவர் கடவுச்சீட்டுடன் வந்தார். இருவர்க்கும் ஒரே பெயரானால், எமக்குத் தரவேண்டிய கடனை எவரிடம் கொடுத்துத் தீர்ப்பீர்?' என்று கேட்கிறார். இது வெறும் வாதமன்று. கலிபோர்னியா மாநிலம் அமைத்த இழப்பீட்டுக் குழு, 2022 மார்ச் மாதத்தில், ஐவர்க்கு நால்வர் என்னும் வாக்கு வேறுபாட்டில், இழப்பீடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் வாழ்ந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்களுக்கே உரியது என முடிவு செய்தது. தோலின் நிறம் ஒன்றாயினும் வரலாறு வேறு என்பதே அம்முடிவின் பொருள்.

அமெரிக்கா தொலைவிலுள்ளது எனின், நம் நாட்டையே பார்ப்போம். 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டிமீது படையெடுத்தபோது, இரு தரப்புப் படைகளிலும் ஆபிரிக்கர் இருந்தனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து இத்தீவுக்குக் கொண்டுவந்த மக்கள் அவர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் சிலர் இன்றும் புத்தளத்தை அடுத்த சிறம்பியடியில் வாழ்கின்றனர். அவர்களுடைய 'மாஞ்சா' இசையும் வாழ்கிறது. அவர்களை நாம் 'காப்பிரியர்' என்கிறோம். இறைமறுப்பாளர் என்னும் பொருள்படும் அரபுச் சொல் ஐரோப்பியர் வாயில் திரிந்து பிறந்த பெயர் அது. தென்னாபிரிக்காவில் அதே சொல்லை ஒருவரை நோக்கிக் கூறினால், கூறியவர் நீதிமன்றப் படி ஏற வேண்டும். சிறம்பியடி மக்களோ அதனைத் தம் குலப்பெயராக நாணமின்றி வழங்குகின்றனர்.

இதிலிருந்து நாம் தெளிய வேண்டுவது ஒன்றுண்டு. ஒரு சொல்லின் மானம் அச்சொல்லில் மட்டும் இல்லை. அதனை எவர் தேர்ந்தார், எவர் மீது எவர் எறிந்தார் என்பதில் உள்ளது. தாமே சூடிக்கொண்டால் மாலை. பிறர் மாட்டினால் விலங்கு.

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு தெல்தோட்டைத் தொழிலாளியிடம் திரும்புவோம். கோப்பிப் பயிருக்காகத் தென்னிந்தியத் தமிழர் இம்மலைகளுக்குக் கொண்டுவரப்பட்ட காலத்தை 1823ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுவது வழக்கம். தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று பாடநூல்கள் கூறும். டெய்லரின் பெயரைப் பாடநூல் அறியும். அந்தப் 19 ஏக்கரிலும் காடு வெட்டிக் கன்று நட்ட கைகளின் பெயரை எந்த நூலும் அறியாது. அவர்களுக்கு இருந்த பொதுப்பெயர் 'கூலி'. உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தைக் குறிக்கும் நம் தமிழ்ச்சொல், துரைமார் வாயில் மனிதனின் பெயராயிற்று.

அவர்கள் அடிமைகள் அல்லர் என்பது உண்மை. அடிமை முறை இத்தீவில் 1844ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிந்தது. அடிமையையும் ஒப்பந்தத் தொழிலாளியையும் ஒன்றென்பது இருவர் வரலாற்றுக்கும் செய்யும் பிழை. ஆயினும், கடனைக் காட்டிக் கங்காணி கட்டிய கட்டும், 'துண்டு' இல்லாமல் தோட்டம் மாற இயலாமையும் எத்தகைய சுதந்திரம்? அத்துண்டு முறை ஒழிய 1921ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' எனத் தமிழர் இரு கூறாக்கப்பட்டனர். கணக்கெடுப்போர் வசதிக்காகக் கிழித்த கோடு அது. முப்பத்தேழு ஆண்டுகளில் அக்கோடு கத்தியாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் சேர்ந்து, தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடும் வாக்கும் அற்றவர்களாக்கின. 1947ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தில் அமர்ந்த அவர்களுடைய பிரதிநிதிகளுக்கு 1952ஆம் ஆண்டில் ஓர் ஆசனமும் இல்லை. இப்போது அவர்கள் பெயர் 'நாடற்றவர்'.

1964ஆம் ஆண்டில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கை 975,000 பேரைப் பற்றியது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்வதற்கு. பத்தாண்டு கழித்து அந்த எச்சமும் பாதிக்குப் பாதி பிரிக்கப்பட்டது. மூட்டை பிரிப்பது போல மக்களைப் பிரித்த இக்கணக்கில் மக்களைக் கேட்டவர் எவருமிலர். 'இந்தியர்' என்று இங்கிருந்து அனுப்பப்பட்டவர்கள் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமோ? 'சிலோன்காரர்'! ஒரு கரையில் இந்தியன், மறு கரையில் சிலோன்காரன். இங்கே எஞ்சியோர் அனைவர்க்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது.

இவ்விடத்து நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளாவிடின் இத்தலையங்கம் நேர்மையாகாது. 'தோட்டக்காட்டான்' என்னும் இழிசொல்லைப் படைத்தது துரையுமன்று, சிங்களவருமன்று. அது தமிழர் வாயில் பிறந்து தமிழர் மீது எறியப்பட்ட சொல். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகள் இடம்பெற்றன. மனிதனை உடைமையாகக் கருதும் வழக்கம் நமக்கு அயலாரிடமிருந்து மட்டும் வந்ததன்று. மலையக மக்களின் உரிமை பறிபோனபோது வடபுலத் தலைவருள் ஒரு சாரார் அரசாங்கத்தின் பக்கம் அமர்ந்தனர். அதனைப் பொறாது பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார் என்பது நமக்குள்ள ஆறுதல்.

பிறர் இட்ட பெயர்களை இம்மக்கள் வாளா ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. 1940 ஜனவரியில், தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள ஹேவாஹெட்டையின் முல்லோயாத் தோட்டத்தில், ஊதிய உயர்வு கேட்டு எழுந்த போராட்டத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார். இந்நாட்டின் தோட்டத் தொழிலாளர் இயக்கம் அவரைத் தன் முதற் தியாகியாகப் போற்றுகிறது. எந்த மண்ணில் உரிமை கேட்டுக் குருதி சிந்தினாரோ அந்த மண்ணின் மகன் அன்றோ அவர்? அத்தகையோரின் பேரப்பிள்ளைகளே, கல்வி பெற்று, 1960களில் 'மலையகம்' என்னும் சொல்லை ஏந்தினர். இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியப் பெருந்தகைகள் அச்சொல்லை மாணவர் நெஞ்சில் ஊன்றினர். 'மலையகத் தமிழர்' என்னும் பெயர் அம்மக்கள் தாமே தேர்ந்து சூடிக்கொண்ட மாலை.

இதற்குத் தடை கூறுவோர் இருவகையினர். தமிழருக்குள் இன்னொரு பிரிவினையா, எல்லோரும் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதினால் ஒற்றுமை ஓங்காதா என்பார் ஒரு வகையினர். அவர்கள் நல்லெண்ணத்தை ஐயுறவில்லை. ஆனால் அமெரிக்க வழக்கை அவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். வரலாறு வேறான இருவரை ஒரே பெயரில் அடைத்தால், இழந்தவனின் கணக்கு மறைந்துபோகும். லயத்தில் வாழ்வோர்க்கு நிலமும் வீடும் தரவேண்டிய கடன், எண்ணிக்கை தெரியாவிடின் எவ்வாறு கேட்கப்படும்? மற்றொரு வகையினர் 'இந்திய' என்னும் அடைமொழியே டில்லியின் துணையைத் தரும் என்பர். அந்த அடைமொழி 1948ஆம் ஆண்டில் எத்துணையைத் தந்தது என்று அவர்களைக் கேட்கிறோம். 'மலையகத் தமிழர்' என்னும் பெயரில் இவ்விரு தடைக்கும் விடையுண்டு. 'தமிழர்' என்பதில் நம் உறவு இருக்கிறது. 'மலையகம்' என்பதில் அவர்கள் வரலாறும் மண்ணும் இருக்கின்றன.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என எண்ணப்பட்டோர் 839,504 பேர். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 'மலையகத் தமிழர்' என்னும் பெயர் பழைய பெயரோடு சேர்த்து இடம் பெற்றது, அது வரவேற்கத்தக்கது. எனினும் எண்ணிக்கை ஏறத்தாழ ஆறு இலட்சமாகக் குறைந்தது. நாட்டை விட்டுச் சென்றவர் உண்டு. ஆயினும், 'இலங்கைத் தமிழர்' என எழுதிக்கொண்டோரையும் கருதாமல் இக்குறைவை விளக்க இயலாது. 'இந்தியர்' என்று எழுதி இழந்ததை மறவாத மக்கள், அப்பெயரோடு ஒட்டிய எந்தப் பெட்டிக்கும் அஞ்சுவது இயல்பே. அவர்கள் அச்சத்தைக் குறை கூறோம். அச்சத்தின் காரணத்தை அகற்றுங்கள் என்கிறோம்.

ஆதலின் அரசாங்கத்துக்கு நாம் கூறுவது இது: பழைய அடைமொழியை நீக்கி, 'மலையகத் தமிழர்' என்பதனைத் தனித்த பெயராகப் படிவங்களில் நிறுத்துக. எவரையும் ஒரு பெயருக்குள் வற்புறுத்தாது, அவரவர் கூறுவதையே எழுதுக. பெயரோடு நிலமும் கொடுக்க. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிருவாகம் 1992ஆம் ஆண்டில் கம்பெனிகளுக்குக் கைமாறியது. இரு நூற்றாண்டு உழைத்தவர்க்கோ ஏழு பேர்ச்சஸா பத்துப் பேர்ச்சஸா என்னும் பேச்சே நீள்கிறது. காலடி மண் தனதென்று உறுதி இல்லாதவனுக்கு மண்ணின் பெயரை மட்டும் சூட்டுவது அரைநீதி.

நம் வாசகர்க்கும் ஒன்று கூறுவோம். ஆசிரியராக, மருத்துவராக, சட்டத்தரணியாக மலையகத்தில் பணிபுரியும் அன்பர்களே, உங்கள் முன் வந்து நிற்பவரின் இனத்தை நீங்களே ஊகித்து எழுதாதீர். அவரைக் கேட்டு எழுதுங்கள். வன்னியிலும் கிழக்கிலும் வயல் உழும் விவசாயப் பெருமக்களே, மலையிலிருந்து இடம்பெயர்ந்து உங்கள் ஊரிற் குடியேறிய குடும்பம் இன்றும் 'வந்தான் வரத்தான்' என்னும் சொல்லைக் கேட்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நிலத்தின் அருமை அறிந்தவர் நீங்கள். நிலமற்றவனின் நோவு உங்களுக்கு விளங்காததன்று.

தெல்தோட்டையில் கொழுந்து நிறுத்துத் திரும்பும் அத்தொழிலாளி ஒருநாள் படிவத்தை வாங்கி, எவரையும் அஞ்சாது, தன் பெயரைத் தானே எழுத வேண்டும். அவர் எழுதுவது எதுவாயினும் அதுவே அவர் பெயர். அதனை வாசிக்கக் கற்றுக்கொள்வது நம் கடமை.