ஆயில் பம்ப்பைப் பிடுங்காதீங்க மக்களே

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை என் அறைத்தோழன் எனக்கு ஒரு நல்லது செய்தான். அதன் பலனாக என் குவாடின் இன்ஜின் செத்தது, அவன் மணிக்கட்டு கொழுக்கட்டை மாதிரி வீங்கியது, ஒரே சமையலறையில் சமைத்துக்கொண்டு பதினெட்டு நாள் இருவரும் பேசாமல் இருந்தோம். யார் மேல் தப்பு என்று அன்றைக்கு எனக்கு ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது. இப்போது அத்தனை தெளிவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஊரில் இருக்கிற நண்பர்களுக்கு. குவாட் என்றதும் ஈசிஆர் பக்கம் ரிசார்ட்டுகளில் டயர் அடுக்கிய வளையத்துக்குள் ரெண்டு சுற்று விடுவார்களே, அதை நினைக்காதீர்கள். அது நாலு சக்கரம் வைத்த சாது. நான் சொல்வது ஸ்போர்ட் குவாட். என்னுடையது 2003-ம் வருட யமஹா பிளாஸ்டர். 195 சிசி, ஒரே சிலிண்டர், காற்றில் குளிர்கிற டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், ஆறு கியர், கிக்கர் மட்டும்தான், ரிவர்ஸ் கிடையாது. சேற்றில் முகம் புதைந்தால் இறங்கிப் பின்னால் இழுக்க வேண்டியதுதான். 1988 முதல் 2006 வரை வந்த வண்டி. உதவித்தொகையில் வாழ்கிற மாணவனுக்கு எட்டுகிற ஸ்போர்ட் குவாட் என்றால் இந்த மாதிரி பழசுதான். நானும் ஒருத்தரிடம் மூணாம் கையாகத்தான் வாங்கினேன்.

நான் படிப்பது ஒஹாயோவில். தென்கிழக்கு மூலையில் வெய்ன் தேசியக் காடு இருக்கிறது. அதில் மண்டே கிரீக் பக்கம் ஏடிவிக்கென்றே தடங்கள் விட்டிருக்கிறார்கள். அனுமதிச் சீட்டு வாங்கி ஓட்டலாம். ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய பூமி. பழைய சுரங்கத் தண்ணீர் கலந்து ஓடை சில இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் போகும், பார்த்தால் யாரோ காவி கரைத்துவிட்ட மாதிரி இருக்கும். மண் களிமண். காய்ந்திருந்தால் சொர்க்கம், ஒரு மழை பெய்துவிட்டால் சோப்பு.

இனி கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். தேனியில் அப்பாவிடம் டிவிஎஸ் 50 இருந்தது. பங்கில் பெட்ரோலோடு டூ-டி ஆயிலும் கலந்து ஊற்றுவார்கள், அந்த வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏன் கலக்கிறார்கள் என்று கேட்டதற்கு "அதுக்கு ரெண்டும் ஒரே வயித்துக்குள்ள போகணும்டா" என்றார் அப்பா. எந்தப் பொறியியல் பேராசிரியரும் எனக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆயில் அடியில் தனியாகத் தேங்கி நிற்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த அடிப்பகுதிதான் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து மேலே தள்ளுகிற பம்ப்பாக வேலை செய்கிறது, அங்கே ஆயில் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோலோடு வருகிற ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயிர். அது வராவிட்டால் வேறு வழியே கிடையாது.

இதை ஓட்டுகிறவன் ஞாபகத்தில் விடக்கூடாது என்றுதான் யமஹாக்காரர்கள் 1964-லேயே ஆட்டோலூப் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஆயிலுக்குத் தனி டேங்க், இன்ஜினே சுழற்றுகிற குட்டி பம்ப். முறுக்கினால் அதிகம் ஊட்டும், சும்மா நின்றால் குறைவாக ஊட்டும். பிளாஸ்டரும் கம்பெனியிலிருந்து இந்த பம்ப்போடுதான் வந்தது.

என் வண்டியில் அது இல்லை! எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவான் கழற்றிவிட்டு, ஓட்டையை அடைக்க ஒரு தகடு போட்டிருந்தார். இதற்கென்றே கிட் விற்கிறார்கள். பிளாஸ்டர் வைத்திருப்பவர்களிடம் போய் "என்ன செய்யட்டும்" என்று கேட்டுப் பாருங்கள், முதலில் வருகிற பதில் "பம்ப்பைத் தூக்கிப் போடு, கலந்து ஊத்து" என்பதுதான். காரணம் கேட்டால், பம்ப் ஒருநாள் நின்றுவிட்டால் இன்ஜின் காலி, குழாயில் காற்றுக்குமிழி புகுந்தாலும் காலி, கையால் கலந்தால் நிச்சயம் என்பார்கள். நானும் தலையாட்டிவிட்டுக் கலந்துகொண்டிருந்தேன். 32-க்கு 1, அதாவது ஒரு கேலனுக்கு 4 அவுன்ஸ். அளவுக் குவளை, தனிக் கேன் எல்லாம் வைத்து, பெரிய விஞ்ஞானி மாதிரி.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். வண்டியை முந்தின ராத்திரியே நண்பர் ஒருவரின் பிக்கப்பில் ஏற்றியாகிவிட்டது. டேங்க் கிட்டத்தட்ட காலி, காலையில் கலந்து ஊற்றலாம் என்று தூங்கிவிட்டேன். அறைத்தோழன் சென்னைப் பையன், கல்லூரி முழுக்க பல்சர் ஓட்டியவன். ஆறு மணிக்கே எழுந்து, பிக்கப்புக்கு பெட்ரோல் போடப் போன இடத்தில் குவாடுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டான், அவன் காசில்.

காட்டுக்குப் போனதும் முதல் சுற்று அவனுக்கு என்று விட்டுக்கொடுத்தேன். நான் ஃபிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கால் மணி நேரம் இருக்கும். மேட்டில் மூணாவது கியரில் ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று கரகரத்தது, அப்புறம் சத்தமே இல்லை.

ஸ்போர்ட் குவாடில் பின்சக்கரம் ரெண்டும் ஒரே இரும்பு அச்சில் இருக்கும், டிஃபரன்ஷியல் கிடையாது. இன்ஜின் பூட்டிக்கொண்டால் ரெண்டு சக்கரமும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். கிளட்ச்சைப் பிடித்திருந்தால் வண்டி உருண்டு நின்றிருக்கும். அதையும் அவனுக்கு நான் சொல்லித் தரவில்லை. வண்டி குறுக்கே திரும்பி அவனை ஓரத்து மண்மேட்டில் போட்டது. ஹெல்மெட் இருந்தது, கையை ஊன்றியதில் மணிக்கட்டு போச்சு.

நான் ஓடிப்போய்க் கேட்ட முதல் கேள்வி "அடிபட்டுச்சா" இல்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் கேட்டது, "பெட்ரோல் எப்படிடா ஃபுல்லா இருக்கு?"

"பங்க்ல போட்டேன் மச்சி. உனக்கு வேலை மிச்சம்னு."

"ஆயில்?"

"எந்த ஆயில்?"

அதற்குமேல் நான் பேசியதை இங்கே எழுதமாட்டேன். ரெண்டு நாள் கழித்து சாப்பாட்டு மேசையில் ஒரு கவர் இருந்தது, உள்ளே 200 டாலர். அவனும் என்னை மாதிரி உதவித்தொகையில் வாழ்கிறவன்தான்.

சரி, இப்போது என் கட்சியைச் சொல்கிறேன். "பம்ப் ஒருநாள் தவறும்" என்பது உண்மை. ஆனால் அதைக் கழற்றினால் தவறு நடக்கிற வாய்ப்பு போய்விடுகிறதா? பம்ப்பிடமிருந்து மனுஷனிடம் மாறுகிறது, அவ்வளவுதான். மனுஷன் தூங்குவான், மறப்பான், ஒரே மாதிரி ரெண்டு கேன் வைத்திருப்பான், நல்ல எண்ணத்தில் நண்பன் பெட்ரோல் போடுவான். இருபது வருடமாக ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு பல்சக்கரத்தைவிட நான் நம்பகமானவன் என்று நினைப்பதற்கு எவ்வளவு தலைக்கனம் வேண்டும்! பந்தயம் விடுகிறவர்கள் கழற்றட்டும். அவர்கள் வண்டியை வேறு யாரும் தொடப்போவதில்லை, இன்ஜினை அடிக்கடி பிரிக்கவும் செய்கிறார்கள். வாரக்கடைசியில் நாலு பேர் மாற்றி மாற்றி ஓட்டுகிற வண்டிக்கு பம்ப்தான் சரி. கிளம்புமுன் ஆயில் டேங்கைப் பார், குழாயில் குமிழி இருக்கிறதா பார், முறுக்குகிற கேபிள் சரியாக இழுக்கிறதா பார். ஒரு நிமிஷ வேலை.

சிலர் பயத்தில் ஆயிலை அள்ளி ஊற்றுவார்கள். அதுவும் முழு வைத்தியம் இல்லை. கலவையில் ஆயில் கூடினால் கார்புரேட்டர் ஜெட் வழியாகப் போகிற பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும்.

இதோடு முடித்திருந்தால் நான் உத்தமன். அப்புறம் நடந்ததுதான் இடிக்கிறது.

பதினெட்டாவது நாள் அவனே ஷெட்டுக்கு வந்து, கட்டுப்போட்ட கையோடு, "என்ன பண்ணணும் சொல்லு" என்று நின்றான். சிலிண்டரைக் கழற்றினோம். பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தது. பிளாஸ்டர் சிலிண்டருக்குள் இரும்பு லைனர் என்பதால் பிழைத்தது. லேத் பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்து, அடுத்த அளவு பிஸ்டன் போட்டோம். ரிங் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தோம், பிஸ்டன் பின்னுக்கு ரெண்டு பக்கமும் புது லாக் போட்டோம் (பழசைத் திரும்பப் போடாதீர்கள், அது கழன்றால் மறுபடியும் ரீபோர்). எல்லாம் பூட்டியபிறகு காற்றுக் கசிவு சோதனை. கார்புரேட்டர் பக்கத்தையும் சைலன்சர் பக்கத்தையும் அடைத்துவிட்டு, உள்ளே 6 பிஎஸ்ஐ காற்றடித்து, 6 நிமிஷம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவன்தான் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தான். கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கிற ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் குழாயைப் பார்த்தேன்.

அந்த வெடிப்பு அன்றைக்கு வந்தது இல்லை. அது வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஆகஸ்டில் பிளக்கைக் கழற்றியபோது நுனி இளம்பழுப்பாக இல்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்ததை நானே பார்த்தேன். வெள்ளை என்றால் பெட்ரோல் பற்றவில்லை, சூடாகிறது என்று அர்த்தம். தெரிந்தும் துடைத்துத் திரும்ப மாட்டினேன், ஏனென்றால் வண்டி அப்போது பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தது. டூ-ஸ்ட்ரோக்கில் இதுதான் பெரிய துரோகம்: சாகப்போகிற நிலையில் அது நன்றாக முறுக்கும். அக்டோபர் குளிரில் காற்று அடர்த்தியானதும் பெட்ரோல் பங்கு இன்னும் குறைந்திருக்கும். ஆயில் இல்லாத பெட்ரோல் அதைக் கொன்றது நிஜம். அவன் ஊற்றாவிட்டால் நவம்பரில் நானே கொன்றிருப்பேன் என்பதும் அநேகமாக நிஜம். அப்போது மேட்டில் கவிழ்ந்திருப்பது நான்.

அந்தக் கோடையில் நான் காசு செலவழித்தது எதற்குத் தெரியுமா? எக்ஸ்பான்ஷன் சேம்பர் பைப்புக்கு. எல்லாரும் சொன்னார்கள், போட்டேன். போட்டதும் மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும், மாற்றினேன், "சுமாராக". தேசியக் காட்டுக்குள் தீப்பொறி தடுப்பான் இல்லாத சைலன்சர் கூடாது என்பதால் அதற்கும் தனியாக அழுதேன். அந்தக் காசில் பத்தில் ஒரு பங்கு அந்த ரப்பர் குழாய். பழைய டூ-ஸ்ட்ரோக் வாங்குகிறவர்களே, முதல் செலவை சத்தத்துக்குச் செய்யாதீர்கள். கசிவு சோதனை செய்யுங்கள், ஃபோம் ஃபில்டரைக் கழுவி அதற்குரிய எண்ணெய் தடவுங்கள், பிளக் நிறத்தைப் பாருங்கள், பார்த்தால் நம்புங்கள். நீண்ட இறக்கத்தில் முறுக்கை முழுதும் மூடிக்கொண்டே இறங்காதீர்கள். கலந்து ஊற்றுகிற வண்டியில் முறுக்கு மூடினால் ஆயிலும் மூடியது. அவ்வப்போது கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டுங்கள்.

புது டூ-ஸ்ட்ரோக் ஸ்போர்ட் குவாட் ஏன் கடையில் இல்லை என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2002-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை புகை விதி கொண்டுவந்தது, 2006 மாடலிலிருந்து அமல். பிளாஸ்டரும் அதன் அண்ணன் பான்ஷீயும் அந்த வருடத்தோடு இங்கே நின்றன. உள்ளே போகிற பெட்ரோலில் நாலில் ஒரு பங்கு வரை எரியாமலே வெளியே போகிற இன்ஜின் அது. எனக்கு அந்த வாசனை பிடிக்கும் என்பதற்காக ஓடைக்கரையில் கூடாரம் போட்டிருக்கிறவர் ஏன் முகர வேண்டும்? நின்றது நியாயம். இருக்கிறதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வோம்.

200 டாலரைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றான், ரீபோர் செலவில் பாதிக்குப் பாதி என்று முடிவானது. பழைய ஆயில் பம்ப் ஒன்றை அதன் பல்சக்கரம், கேபிள், டேங்க் சகிதம் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அதுவரை டேங்க் மூடியில் வெள்ளை பெயிண்டில் "எந்த ஆயில்?" என்று எழுதி வைத்திருக்கிறது. கையெழுத்து அவனுடையது, மணிக்கட்டு சரியாகாதபோது எழுதியதால் கொஞ்சம் கோணல்.