பேச்சொலியிற் கைவிடப்பட்ட பாதி

எத்துணைச் சிக்கலான ஒலியையும் பல எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துக் காட்டலாம் என்பது பேச்சொலி ஆராய்வோர்க்கு முதற் பாடம். வெப்பத்தைப் பற்றி 1822-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித வல்லார் பூரியர் வெளியிட்ட நூலே இம்முறைக்குத் தாய். அங்ஙனம் பிரித்த ஒவ்வோர் அலையைப் பற்றியும் நாம் அறிய வேண்டுவன இரண்டு. அதன் வலிமை எவ்வளவு என்பது ஒன்று. அஃது எந்நிலையிலிருந்து புறப்படுகின்றது என்பது மற்றொன்று. முன்னதை வீச்சு என்றும் பின்னதைக் கட்டம் என்றும் பௌதிக நூலார் வழங்குவர். சங்கீதம் பயின்ற மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. இருவர் ஒரே பாட்டை ஒரே காலப்பிரமாணத்திற் பாடினும், ஒருவர் சமத்திலும் மற்றவர் அரையிடம் தள்ளியும் எடுப்பாராயின் விளைவது வேறாகிவிடும். அவ்வெடுப்பைப் போன்றதே கட்டம்.

இவ்விரண்டனுள் வீச்சைப் போற்றிக் கட்டத்தைத் தள்ளிவிடுதல் நெடுநாளைய வழக்கம். பேச்சை எழுத்தாக்கும் பொறிகளுக்கு 1980-க்குப் பின் பல்லாண்டு உணவாக இருந்த மெல் கெப்ஸ்ட்ரம் எண்கள் வீச்சினின்று மட்டுமே கணிக்கப்படுவன. செவி கட்டத்தை உணராது என்று ஒரே வரியிற் கூறி அப்பாற் செல்லும் பாடநூல்களும் பல. அவ்வரி பாதி மெய் என்பதும், அதனை முழு மெய்யாகக் கொண்டமையால் நட்டம் விளைந்தது என்பதும் எம் அபிப்பிராயம்.

இக்கொள்கையின் வேர் ஜெர்மனியில் உள்ளது. 1843-ல் ஓம் என்பார் தொடங்கிவைத்த கருத்தை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-ல் வெளியிட்ட தமது பெருநூலில் வலியுறுத்தினார். இசைக்கவைகளைக் கொண்டு பலகாற் சோதித்து, ஒரு சுரத்தின் தன்மை அதனுள் அடங்கிய அலைகளின் வீச்சைப் பொறுத்ததேயன்றிக் கட்டத்தைப் பொறுத்ததன்று என்றார். ஆனால் அவர் பேசியது மாறாது நிலைத்து ஒலிக்கும் சுரத்தைப் பற்றி. ஒலி எழும் விதம், அடங்கும் விதம், உடன்வரும் இரைச்சல் ஆகியவற்றை அவர் தனியே ஒதுக்கிவைத்தார். பின்வந்தோர் அவ்வொதுக்கத்தை மறந்தனர். ஆசிரியர் சொன்ன விதியை நினைவிற்கொண்டு விலக்கை விட்டுவிடும் மாணவர் எக்காலத்தும் உளர் போலும்!

பேச்சோ நிலைத்த சுரமன்று. தகடு என்னும் சிறு சொல்லைச் சொல்லிப் பார்த்தால், நா ஒட்டுவதும் வெடித்து விலகுவதும் இமைப்பொழுதில் நிகழ்ந்துவிடுகின்றன. ஒரு சொற்பொழிவைப் பதிவு செய்து பின்னிருந்து முன்னாக ஓட்டுக. முழுப் பதிவையும் ஒருங்கே பிரித்து நோக்கின், ஒவ்வோர் அலையின் வீச்சும் முன்னிருந்தபடியே இருக்கும்; மாறியது கட்டம் ஒன்றே. எனினும் ஒரு சொல்லேனும் விளங்காது.

எதிர்க்கட்சியார் இதற்கு ஒரு விடை வைத்துள்ளனர். முழுப் பதிவை ஒருங்கே பிரிப்பார் யாருமிலர், இருபது முப்பது மில்லி செகண்டுத் துண்டுகளாக வெட்டியே ஆராய்கின்றோம், துண்டுகளின் வரிசையே காலத்தைக் காட்டிவிடும் என்பர். இது நேர்மையான விடையே. 1981-ல் ஓப்பன்ஹைம், லிம் என்னும் இருவர் கட்டத்தின் முதன்மையைக் குறித்து எழுதினர்; நீண்ட பேச்சில் வீச்சுகளையெல்லாம் சமமாக்கிக் கட்டத்தை மட்டும் விட்டுவைப்பினும் சொற்கள் விளங்குகின்றன என்று காட்டினர். மறு ஆண்டே அந்த லிம், வாங் என்பாருடன் சேர்ந்து, இரைச்சல் கலந்த பேச்சைத் தூய்மை செய்வதிற் கட்டம் முக்கியமன்று என எழுதினார். இதில் முரண் ஒன்றுமில்லை. வினா வேறு, ஆதலின் விடையும் வேறு. ஆயினும் முப்பதாண்டுக் காலம் இரண்டாம் கட்டுரையின் தலைப்பையே பலரும் பற்றிக்கொண்டனர். பாலிவாலும் ஆல்ஸ்டெரிஸும் 2005-ல், துண்டை வெட்டும் முறையைத் தக்கவாறு அமைத்தால், குறுந்துண்டின் கட்டமும் சொற்பொருளை உணர்த்தும் என்று செவிச் சோதனையால் நிறுவினர். தூய்மை செய்வதிலும் அது பயன்படும் என்று பாலிவாலும் துணைவரும் 2011-ல் காட்டினர்.

கட்டம் தள்ளப்பட்டதற்கு மெய்யான காரணம் அது பயனற்றது என்பதன்று. கையாளுதற்கு அரியது என்பதே. கடிகாரத்தின் முகப்பைப் பார்த்துப் பெரிய முள் நிற்குமிடத்தைச் சொல்லலாம். அஃது எத்தனை சுற்றுச் சுற்றிவந்தது என்று சொல்லவியலாது. கட்டமும் அத்தகையது. இவ்விடர்ப்பாட்டை நீக்க ஒரு வழி, கட்டத்தை நேரே நோக்காது, அதிர்வெண் மாறுந்தோறும் அஃது எவ்வளவு விரைவில் மாறுகின்றது என்று நோக்குவது. இதற்குக் குழுத் தாமதம் என்று பெயர். வாய்க்குழியின் பல ஒத்ததிர்வுகள் வீச்சிற் பெருக்கலாய்ப் பிணைந்து நிற்கக் குழுத் தாமதத்திற் கூட்டலாய் அமைவதால், அடுத்தடுத்துள்ள இரண்டு முகடுகளும் தெளிவாகப் பிரிந்து தோன்றும். இத்துறையில் முன்னின்று உழைத்தவர் நம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ந்த யக்ஞநாராயணாவும் ஹேமா மூர்த்தியும் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. இம்முறையிலுள்ள பொய் முகடுகளைத் தணித்துத் திருத்திய வடிவம் பேச்சொலிகளை இனங்காணவும், இந்திய மொழிப் பேச்சை அசை அசையாகப் பிரிக்கவும் உதவிற்று.

கட்டத்தை இழப்பதால் யார்க்கு என்ன கேடு என வினவலாம். காது கேளாதார்க்குச் செவிச்சுருளிற் பொருத்தும் மின்கருவியை எண்ணிப் பார்க்க. 1991-ல் வில்சனும் துணைவரும் வெளியிட்ட முறை ஒவ்வோர் அதிர்வெண் பகுதியிலும் வலிமையின் ஏற்றவிறக்கத்தை மட்டும் நரம்பிற்கு அனுப்புகின்றது. அலையின் நுண்ணசைவை அனுப்புவதில்லை. அதனால் அமைதியான அறையிற் பலர் பேச்சை நன்கு உணர்ந்தனர். அது சிறிய நன்மையன்று. ஆனால் சந்தை இரைச்சலிலும் சங்கீதத்திலும் அவர்கள் இடர்ப்பட்டனர். ஸ்மித், டெல்கட், ஆக்ஸன்ஹாம் என்போர் 2002-ல் ஓரொலியின் ஏற்றவிறக்கத்தையும் மற்றோரொலியின் நுண்ணசைவையும் ஒட்டுச்செடி போல் இணைத்துக் கேட்பித்தபோது, சொல் முன்னதன் வழியும், இசையும் ஒலி வருந்திசையும் பின்னதன் வழியும் உணரப்பட்டன. இரு செவிகளுக்கிடையே தோன்றும் கட்ட வேறுபாட்டால் நாம் திசையறிகின்றோம் என்று ரேலி பிரபு 1907-லேயே கூறியிருந்தார். பின்வந்த சில கருவிகள் இந்நுண்ணசைவையும் ஓரளவு தர முயன்றுள்ளன.

ஆதலின் நம் பௌதிக வகுப்பில் ஒலிப் பாடம் நடத்துவோர்க்கு ஒரு விண்ணப்பம். கணிப்பொறியொன்றில் மாணவர் தத்தம் குரலைப் பதிவு செய்து, ஒரு முறை வீச்சை வைத்துக் கட்டத்தைக் கலைத்தும், மறுமுறை கட்டத்தை வைத்து வீச்சைச் சமமாக்கியும், துண்டின் நீளத்தை மாற்றி மாற்றிக் கேட்கட்டும். ஒரு பிற்பகற் பொழுது போதும். அதன்பின் பாடநூலின் அவ்வரியை எடுத்து வாசிக்கலாம்.