வழக்கு நீட்டிப்பும் சான்றின் தேய்வும்

குற்ற வழக்கொன்று ஆண்டுக்கணக்கில் நீளுமாயின், அதனால் இருதிறத்தார்க்கும் ஒத்த இடரே விளையும் என்பார் பலர். முறையிட்டோனும் அலைகின்றான், எதிரியும் அலைகின்றான். ஆதலின் காலம் ஒருவர்க்கும் நண்பனுமன்று, பகைவனுமன்று என்பது அவர் துணிபு. இது பொருந்தாது என்பதே எமது கருத்து. நம் நாட்டுச் சட்டப்படி, குற்றத்தை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்பினது. எதிரி வாளா இருப்பினும் அமையும். எழும் ஐயத்தின் பயன் அவனையே சாரும். எனவே காலம் எதனைத் தின்றாலும், பெரும்பாலும் மெய்ப்பிக்க வேண்டியவன் கலத்திலிருந்தே தின்கின்றது.

தருமபுரி மாவட்டத்தார் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி என்னும் சிற்றூர். 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர் பெருந்திரளாய் அவ்வூரிற் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் அடியுண்டனர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். கொடுமையுற்றோரே கைதிகளாய்ச் சேலம் சிறைக்கும் அனுப்பப்பட்டனர். அற்றை அரசு இவற்றை மறுத்தது. உயர்நீதிமன்ற ஆணையால் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் விசாரணை சென்றது 1995-இல். தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புரைத்தது 2011 செப்டம்பர் 29-இல். இடையே சென்றவை பத்தொன்பது ஆண்டுகள். குற்றஞ்சாட்டப்பெற்ற 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்தனர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே எனத் தீர்ப்பாயிற்று. மேல்முறையீடுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29-இல் தள்ளியது.

இவ்விடைக்காலத்தில் வழக்கொன்று எவ்வாறு தேய்கின்றது என்பதை நோக்குவோம். முதற்கண் தேய்வது முறையீடே. முதல் தகவல் அறிக்கை காலந்தாழ்ந்து வருமாயின் பின்னர்ப் புனைந்தவை அதிற் புகுந்திருத்தல் கூடும் என்று, 1972-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் எச்சரித்தது. நல்ல விதியே. ஆயின் முறையீட்டைப் பெற வேண்டியவரும் முறையீட்டிற்கு இலக்கானவரும் ஒரே காக்கியுடை தரித்தவராயின், தாழ்த்தவர் யார்? தாழ்ச்சியைச் செய்தவர் ஒருவர், அதன் பழியைச் சுமப்பவர் மற்றொருவர் ஆகின்றனர் அன்றோ!

அடுத்துத் தேய்வது உடலிலும் மண்ணிலும் பதிந்த அடையாளம். காயம் சில கிழமைகளில் ஆறும். இடிந்த சுவர் இரண்டு மழையில் மண்ணாகும். 2023-இல் உயர்நீதிமன்ற நீதிபதி வாச்சாத்திக்கு நேரே சென்று பார்த்தார், போற்றத்தக்க செயல். ஆயினும் முப்பதாண்டு கழிந்தபின் நிலத்தின் கிடக்கையைக் காணலாமேயன்றி, அன்றைய சுவட்டைக் காணுதல் இயலுமோ?

எல்லாவற்றினும் கொடிது சாட்சியின் தேய்வு. சட்டம் பயிலாதார்க்கு வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. விசாரணையின்போது காவலரிடம் ஒருவன் கூறும் வாக்குமூலம் வழக்கை மெய்ப்பிக்க உதவுவதன்று. பின்னர் அவன் மன்றில் மாறுபடக் கூறின் அம்முரணைச் சுட்டுதற்கே பயன்படும். தன் இறப்பின் காரணம் பற்றி ஒருவன் கூறியது போன்ற சிலவே விலக்கு. ஆகவே கூண்டேறு முன் சாட்சி இறந்துபடின், அவன் கண்டதும் அவனோடு மாயும். இறவாது வந்தானெனினும், பத்தாண்டிற்கு முன் கதவு கிழக்கு நோக்கியதோ, விளக்கு எரிந்ததோ என்று குறுக்கு விசாரணையில் வினவுவர். மறந்தேன் எனின் ஐயம். நினைவுண்டு எனின் கற்பிக்கப்பட்டவன் என்னும் பழி! இடையே அவன் மலையிலிருந்து இறங்கி, ஒரு நாட்கூலியை இழந்து, தருமபுரிக்கு வந்து, வாய்தா என்று கேட்டுத் திரும்பிய நாட்கள் எத்தனை என்பது எவ்வேட்டிலும் எழுதப்படுவதில்லை. அத்தகையோன் ஒருநாள் பிறழ்சாட்சியாய் மாறின், அவனை இகழ எம் நா எழவில்லை.

அங்ஙனமாயின் வாச்சாத்தி வென்றது எங்ஙனம் என வினவலாம். அங்கே சாட்சி ஒருவனல்லன், ஓர் ஊர். மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் விடாது துணை நின்றனர். இளமையில் கொடுமையுற்ற பெண்கள் நடுவயதிலும் சொல் பிறழாது நின்றனர். துணையின்றித் தனியே நிற்கும் கூலியாளின் வழக்கிற்கு இவற்றுள் ஒன்றேனும் வாய்க்குமோ? வாச்சாத்தியைக் காட்டி, தாமதித்தாலும் நீதி வந்தே தீரும் என்று ஆறுதல் உரைப்போர், நீந்திக் கரையேறிய ஒருவனைக் காட்டி வெள்ளம் தீதன்று என்பாரை ஒப்பர்.

விரைவும் தீங்கே என்று சிலம்பு கற்றார் மறுக்கலாம். ஆராயாது விரைந்த பாண்டியன் கோவலனைக் கொன்றான், உண்மை. ஆயின் அந்நூலிலேயே, கண்ணகி வழக்குரைத்தபோது சிலம்பு அரண்மனையில் இருந்தது, உடைத்த அளவில் மணி தெறித்தது. இருபதாண்டு கழித்து அவள் வந்திருந்தால் அச்சிலம்பு யார் கையில் இருந்திருக்கும்? விரைதல் வேறு, ஆராயாமை வேறு என்க.

குற்றமற்ற எதிரிக்கும் நீட்டிப்பு நஞ்சே. தமக்கு விதிக்கக்கூடிய தண்டனைக் காலத்தினும் மிகுதியாக விசாரணைக் கைதிகளாகவே பீகார்ச் சிறைகளில் கிடந்தோர் பொருட்டு, விரைந்த விசாரணை அடிப்படை உரிமை என்று 1979-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. ஆயினும் விசாரணைக்கு இத்துணை ஆண்டென எல்லை வகுக்க இயலாதென 2002-இல் அம்மன்றமே கூறிற்று. உரிமை உண்டு, அதற்கு நாளில்லை!

வாச்சாத்தி வழக்கில் இறந்த அந்த 54 பேரை மீண்டும் எண்ணுகின்றோம். எதிரி இறப்பின் அவன்மீதுள்ள வழக்கு அற்றுப்போம் என்பது விதி. ஆகவே அவர்கள் குற்றவாளிகளும் அல்லர், விடுதலை பெற்றாரும் அல்லர். அவருள் குற்றமற்றான் ஒருவன் இருந்திருப்பின், அவன் மக்கள் காட்டுதற்கு ஒரு தீர்ப்பில்லை. குற்றமுடையோன் இருந்திருப்பின், அவனைச் சுட்டிய பெண்ணுக்கும் ஒரு தீர்ப்பில்லை.